செல்வதாஸ் சைக்கிளைத் தள்ளாத வரலாறு

"நான் சைக்கிளத் தள்ளிட்டு வாறதப் பாக்கணும்னா, நீங்க எல்லாரும் இன்னொரு பிறவி எடுத்துட்டுதான் வரணும், கேட்டியளா!"

கருங்கல் பக்கம் ஒரு சபையில், ஆண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து சுக்குக்காப்பியும் பழபஜ்ஜியும் சுற்றிவந்துகொண்டிருந்த நேரத்தில், செல்வதாஸ் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். மறுபிறவி என்பது அந்தச் சபையின் கொள்கையில் இல்லாத சரக்கு. போதகர் ஐயா பஜ்ஜியைப் பாதி கடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். பேசியவர் யாரென்று தெரிந்ததும் மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். செல்வதாஸ் சொல்வதையெல்லாம் கொள்கையோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினால் போதகருக்கு வேறு ஊழியம் செய்ய நேரம் கிடைக்காது.

ஆண்கள் மட்டும் கேட்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகக் காத்துக்கொண்டு வாசலோரம் ஜெபகனி நின்றிருந்தார். செல்வதாஸின் மனைவி. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு விடை கண்டுபிடித்துக் கீழே இரண்டு கோடு போடாமல் விடமாட்டார்.

"சரி. தள்ளிட்டு வாறத நான் கண்ணால கண்டேன்னா, அன்னைக்கே அந்தச் சவம் ஆக்கர் கடைக்குப் போவும். பழைய இரும்போட பழைய இரும்பா கெடக்கட்டும். எல்லாரும் சாட்சி."

"போவட்டு!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் செல்வதாஸ். நெஞ்சு நிமிர்ந்ததோ இல்லையோ, வயிறு முன்னால் வந்தது.

ஜெபகனிக்கும் அந்தச் சைக்கிளுக்கும் ஒரு சொத்துத் தகராறு இருந்தது. முன்னறையில் ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், அவருடைய தையல் மெஷின் பல வருடங்களாகக் குடியிருந்தது. சைக்கிள் வந்த அன்றே அது வராண்டாவுக்குப் போய்ச் சாரல் வாங்கத் தொடங்கியது. அந்த இடத்தில் சைக்கிள் நின்றது. அதுவும் சும்மா நிற்கவில்லை. தூசி படாமல் ஒரு பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு, பெண்பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போல நின்றது. செல்வதாஸ் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் துணியை விலக்கி அதன் முகத்தைப் பார்த்துக்கொள்வார். ஜெபகனியின் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததற்குச் சாட்சி இல்லை.

செல்வதாஸுக்கு வயது நாற்பத்தெட்டு. சிமென்ட், பெயின்ட் கடை முதலாளி. அப்பா விட்டுப்போன ரப்பர் வெளை, அதாவது தோட்டம், ஒன்றும் உண்டு. உடலுழைப்போடு அவர் வைத்திருந்தது தூரத்துச் சொந்தக்காரரோடு வைக்கிற உறவுதான்: கல்யாண வீட்டில் கண்டால் சிரிப்பார், தன் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார். "நான் பள்ளிக்கூடம் போனதே சைக்கிள்லதான்" என்று அடிக்கடி சொல்வார். அது உண்மை. மிதித்தது சித்தப்பா மகன். இவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வேகமா போலே" என்று ஊக்கம் கொடுத்துவந்தார். சைக்கிள் பயணம் என்றால் என்ன என்பதைப் பற்றி அவருக்கு அன்று ஏற்பட்ட கருத்து கடைசிவரை மாறவே இல்லை.

சர்க்கரை ஏறியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். செல்வதாஸ் மறுத்துவிட்டார். "ரோட்டுல நடந்து போனா, செல்வதாஸுக்க காரு ஜப்தியில போயிட்டுன்னு ஊர்ல சொல்லுவினும் டாக்டரே."

வழி காட்டியவர் தேங்காப்பட்டணத்து ஜலாலுதீன். மஸ்கட்டில் நெடுநாள் இருந்துவிட்டு வந்து செல்போன் கடை வைத்திருப்பவர். அங்கே அரபிகள் மலையேறுகிற சைக்கிளில் பாறை பாறையாகத் தாவுவதைப் பார்த்து, ஊருக்கு வந்ததும் தானும் ஒன்று வாங்கிக்கொண்டார். "அவனுவளுக்கு உம்மளவிட வயிறு பெருசு மக்கா" என்று அவர் சொன்ன ஆறுதலில் செல்வதாஸும் மடங்கி ஒன்று வாங்கினார். குலசேகரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கும் பெமிலா மூன்றாவது ஆள். இந்தக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருடைய பேச்சை யாரும் கேட்பதில்லை. நான்காவது, சுசீந்திரத்து நாராயணபெருமாள், வங்கி அதிகாரி. ஓட்டுவதைவிட, ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்காக வருகிறவர். நால்வரும் சேர்ந்து 'குமரி மலைப்புலிகள்' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். கேப்டன் யாரென்று தேர்தல் நடக்கவில்லை. குழுவைத் தொடங்கியவர் செல்வதாஸ். தன் படத்துக்குக் கீழே 'கேப்டன்' என்று எழுதிக்கொண்டவரும் அவரே.

கேப்டன் மலையேறும் முறையை இங்கே விளக்கியாக வேண்டும். அவருடைய சைக்கிளில் இருபத்தொரு கியர் உண்டு. ஏற்றம் வந்தால் அவர் போடுவது இருபத்திரண்டாவது கியர். அதன் பெயர் ஜான்ரோஸ். கடையில் சிமென்ட் இறக்கும் குட்டியானை வண்டியின் டிரைவர் அவர். ஜலாலுதீனும் பெமிலாவும் மூச்சு வாங்க மிதித்து ஏறும்போது, கேப்டனின் சைக்கிள் குட்டியானையில் படுத்துக்கொண்டு ஏறும். கேப்டன் முன்சீட்டில் ஏறுவார். நாராயணபெருமாள் தன் சைக்கிளுக்கும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கும் பாத்திரங்களுக்கும் காவலாகப் பின்னால் ஏறுவார். உச்சிக்குப் போனதும் செல்வதாஸ் ஹெல்மெட்டை மாட்டி, பாட்டில் தண்ணீரை நெற்றியில் தெளித்து, அது வழிந்து கன்னத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து படம் எடுத்துக்கொள்வார். இறங்கும்போது மட்டும் சைக்கிள். அதற்கு மிதிக்க வேண்டியதில்லை, மலை பார்த்துக்கொள்ளும்.

ஆக, சைக்கிளைத் தள்ளியதில்லை என்று அவர் சொன்னது சத்தியம். தள்ளுகிற அளவுக்கு அவர் அதை எங்கும் ஓட்டியதில்லை.

பிரகடனம் வெளியான வாரத்தில் அவருடைய டயர் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. டியூப் இல்லாத டயர் அது. உள்ளே ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றி வைத்திருப்பார்கள். முள் குத்தினால் திரவம் ஓடிவந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் வற்றிப்போகும், மறுபடி ஊற்ற வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு. ஜலாலுதீன் தன் கடையில் வைத்துக் குப்பியைத் திறந்து காட்டினார். செல்வதாஸ் ஒரு துளியைத் தொட்டார். விரலில் தேய்த்தார். மோந்தார். முகம் மலர்ந்தது.

"லேய், இது நம்ம ரப்பர் பாலுல்லா!"

அது முழுப் பொய்யும் அல்ல. ரப்பர் பால்தான் அதிலும் இருக்கிறது. உறையாமலிருக்க என்னென்னவோ சேர்த்து அடைத்திருக்கிறார்கள். அந்த 'என்னென்னவோ' வரைக்கும் போகாமல் செல்வதாஸின் அறிவு பாதியிலேயே கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டது.

"எனக்க வெளையில வாளி வாளியா எடுக்குது. இதக் கடல் தாண்டி வரவழைக்கணுமாக்கும்?"

"அண்ணே, பாலு உறைஞ்சிராதா?" என்றார் பெமிலா.

குமரியின் மேற்குப் பகுதியில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. காலையில் சிரட்டையில் வடிந்த பாலை எடுக்காமல் விட்டால் பொழுது சாய்வதற்குள் திரையும்; மறுநாள் ஒட்டுப்பாலாகி, பக்கத்துத் தோட்டக்காரன் வந்து சண்டை போடும் அளவுக்கு நாறும். வெளை வைத்திருக்கும் செல்வதாஸுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் தெரிந்த விஷயங்களைத் தோற்கடிக்க அவரிடம் எப்போதும் ஒரு தத்துவம் கையிருப்பில் இருக்கும்.

"காத்து பட்டாத்தான் பிள்ளே பாலு உறையும். டயருக்குள்ள காத்து எங்க இருந்து வரும்?"

"டயருக்குள்ள காத்துதானே அண்ணே இருக்கு?"

செல்வதாஸ் ஆழமாக யோசித்தார்.

"அது வேற காத்து" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வெளையிலிருந்து பால் வந்தது. மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சு ஒன்றை வாங்கிவந்து, வால்வு வழியாக இரண்டு டயருக்கும் ஏற்றினார். ஜலாலுதீன் சொன்ன அளவைப்போல நாலு மடங்கு ஏற்றினார். சொந்த வெளைப் பாலுக்கு யாராவது அளவு பார்ப்பார்களா? பிறகு காற்றடித்து, பட்டுத் துணியைப் போர்த்திவிட்டு நிம்மதியாகக் கடைக்குப் போனார். சைக்கிள் அசையாமல் பகலும் இரவும் ஒரே இடத்தில் நின்றது. பால் டயரின் அடியில் இறங்கித் தன் பிறவிக் கடமையைச் செய்தது.

சனிக்கிழமை மலைப்புலிகள் கொண்டைப்பொற்றைக்குப் புறப்பட்டார்கள். குலசேகரத்துக்கு வடக்கே, எஸ்டேட்டுக்கு மேலே நிற்கிற மொட்டை மலை அது. இந்தப் பக்கம் ஜீப் பாதை உச்சியிலிருக்கும் எஸ்டேட் பங்களாவரை போகும். அந்தப் பக்கம் இறங்குவதற்கு ஒற்றையடிப் பாதைதான்: புல்வெளி, மூங்கில்போல வளரும் ஈற்றைக் காடு, பிறகு ரப்பர், அதன் அடியில் தார்ரோடு. நாராயணபெருமாள் தனக்குத் தெரிந்த எஸ்டேட்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். வழக்கம்போல ஜலாலுதீனும் பெமிலாவும் மிதித்தார்கள். கேப்டன் ஜான்ரோஸில் ஏறினார். உச்சியில் இறக்கிவிட்டு, ஜான்ரோஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு, மலையைச் சுற்றி அந்தப் பக்கத்துத் தார்ரோட்டில் காத்திருக்கப் போய்விட்டார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. மேகம் காலடியில் கிடந்தது. அது விலகும்போதெல்லாம் பேச்சிப்பாறைத் தண்ணீர் கீழே ஒரு தகடுபோல மின்னி மறைந்தது. பெமிலா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்வதாஸ் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் கேப்டன் ஏறி உட்கார்ந்து காலை எடுத்தார்.

தடக்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி தடக். செல்வதாஸின் பற்கள் ஒன்றோடொன்று மோதின.

"பாதை சரியில்ல. குண்டும் குழியும்" என்றார் அவர்.

"இது எஸ்டேட் பங்களா முற்றம் மக்கா. சிமென்ட்டு போட்டிருக்கு" என்றார் ஜலாலுதீன். "உமக்க கடை சிமென்ட்டா இருந்தாலும் இருக்கும்."

தடக், தடக், தடக் என்று புலி இறங்கியது. உறைந்த பாலில் முன்சக்கரத்துக்கு ஒரு கட்டி, பின்சக்கரத்துக்கு ஒரு கட்டி. இரண்டும் மாறி மாறி வந்ததால், குதிரையும் ஒட்டகமும் கலந்து பிறந்த ஏதோ ஒன்றில் போவதுபோலப் போனார். புல்வெளி தாண்டி ஈற்றைக் காட்டில் நுழைந்ததும் ஒரு முள் தன் பங்கைச் செய்தது. ஓடிவந்து ஓட்டையை அடைக்க வேண்டிய பால், நேற்றே படுத்துத் தூங்கிவிட்டது. காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே வந்தது. கூடவே அந்த மணமும் வந்தது. நாராயணபெருமாள் வேட்டித் தலைப்பைத் தேடி, அன்று தான் கால்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து, கையாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய், டயருக்குள்ள ஏதாவது செத்துக் கெடக்கா?"

பெமிலா பம்பை எடுத்து வைத்து அடித்துப் பார்த்தார். வால்வுக்குள்ளும் பால் உறைந்து அடைத்திருந்தது. காற்று ஒரு பொட்டும் உள்ளே போகவில்லை.

"அந்த வேற காத்தும் போயிட்டு அண்ணே" என்றார்.

செல்வதாஸ் பாதையின் நடுவில் நின்றார். முன்னே செங்குத்தான இறக்கம். ஜான்ரோஸ் மலையின் அடியில். ஜான்ரோஸைக் கூப்பிட சிக்னல் இல்லை. இருந்தாலும் குட்டியானைக்கு இந்தப் பாதை இல்லை. வழி ஒன்றே ஒன்றுதான். அதை நாராயணபெருமாள் வாய்விட்டுச் சொன்னார்.

"தள்ளும் ஓய்."

"தள்ள மாட்டேன்."

"இங்க யாரு பாக்கப் போறா? குரங்கா வந்து ஜெபகனி டீச்சர்ட்ட சொல்லப்போவுது?"

"நாங்க யாருட்டயும் சொல்லமாட்டோம் மக்கா, தள்ளும்" என்றார் ஜலாலுதீன். நட்பு ததும்பச் சொன்னார். ஆனால் அவருடைய வலது கை போனை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தது. அதன் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று மினுங்கியது.

செல்வதாஸ் அந்தப் பொட்டைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். முன்னறை ஜன்னலோரம் அவர் கண்ணில் வந்தது. ஆக்கர் கடை வாசலில் துருப்பிடித்த ஃபேன்களுக்கும் ஓட்டை வாளிகளுக்கும் நடுவே தன் சைக்கிள் தலைகீழாகக் கிடப்பதும் வந்தது. இந்த மனிதர் உண்மையாகவே ஒன்றை நேசித்தார் என்றால் அது அந்தச் சைக்கிளைத்தான் என்பதை எழுதாமல் விட்டால் வரலாறு நம்மை மன்னிக்காது.

குனிந்தார். "கர்த்தாவே" என்று முனகினார். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அய்யோ அண்ணே!" என்றார் பெமிலா.

"சொமக்கது தள்ளுகதாகாது!" என்றார் செல்வதாஸ். கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, பெடல் காதைக் குத்திக்கொண்டிருந்தது. "வீடியோ எடு, நல்லா எடு. தெளிவா எடு."

வாழ்நாளில் ஒரு மூட்டை சிமென்ட் தூக்காத சிமென்ட் முதலாளி, ஈற்றைக் காடு முழுக்கச் சைக்கிள் தூக்கினார். பாதை சறுக்கிய இடங்களில் பின்பக்கத்தால் இறங்கினார். சைக்கிள் தோளை விட்டு இறங்கவில்லை. ரப்பர் தோட்டத்துக்குள் வந்தபோது பால் எடுத்து முடித்த பெண்கள் வாளிகளோடு நின்றிருந்தார்கள். முதலில் வாய்பிளந்தார்கள். அப்புறம் காற்று அவர்கள் பக்கம் திரும்பியது.

"ஏட்டி சகாயசெல்வி, ஒட்டுப்பாலு எடுக்க இப்பம் சைக்கிளு வருதா?"

"சைக்கிளு வரலட்டி. ஆளு மேல ஏறி அது சவாரி வருது."

நாராயணபெருமாள் தேரோடும் ஊர்க்காரர். ஒதுங்கி நின்று கைகூப்பினார். "எங்க ஊர்ல வாகனத்து மேல சாமி வரும் பாத்துக்கிடுங்க. இங்க சாமி மேல வாகனம் வருது. ரொம்ப விசேஷம்."

தார்ரோட்டில் ஜான்ரோஸ் பீடியை எறிந்துவிட்டு எழுந்து நின்றார். செல்வதாஸின் தோளிலிருந்து சைக்கிளை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எடுத்த பிறகும் தோள் சாய்ந்தபடியே இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து, சுக்குக்காப்பியும் வந்தபிறகு, ஐக்கிய சங்கம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது: சுமப்பது தள்ளுவதாகுமா? ஜலாலுதீனின் வீடியோ அதற்குள் சபையார் அனைவரின் போனிலும் குடியேறியிருந்தது. செல்வதாஸ் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, எண்ணெய் மணக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எலும்பு பார்க்கும் ஆசான் கட்டிய கட்டு. "ஒரு மாசத்துக்கு ஒரு டம்ளருக்கு மேல எதையும் தூக்கப்பிடாது" என்பது ஆசானின் உத்தரவு.

தரையில் சக்கரம் உருண்டால்தான் தள்ளியது என்று ஒரு சாரார் வாதித்தார்கள். வேதத்தில் சுமக்கச் சொல்லியிருக்கிறதே தவிர எங்கும் தள்ளச் சொல்லவில்லை என்று சங்கச் செயலர் எடுத்துக்காட்டினார். போதகர் ஐயா பஜ்ஜித் தட்டின் பக்கமாகவே இருந்துவிட்டார். கடைசியில் எல்லாரும் ஜெபகனியைப் பார்த்தார்கள்.

"தள்ளல" என்றார் ஜெபகனி. "சொன்னது சொன்னதுதான். சைக்கிளு இருக்கட்டு."

கைதட்டல் எழுந்தது. செல்வதாஸ் தட்ட முடியாத கையோடு எழுந்து, மனவுறுதி என்ற தலைப்பில் சிறிது நேரம் பேசினார். இளைய தலைமுறைக்கு அறிவுரையும் சொன்னார்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஜெபகனி, பேச்சு முடிந்ததும். "அந்த நாத்தம் நாளைக்கு எனக்க வீட்டுல இருக்கப்பிடாது."

அதில் நியாயம் இருந்தது. பட்டுத் துணிக்குள்ளிருந்து அந்த மணம் எழுந்து, சமையலறை தாண்டி, பின்வாசல்வரை நடமாடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே செல்வதாஸ் ஜான்ரோஸுக்குப் போன் போட்டார்.

"காலையில சைக்கிள கடைவரைக்கும் ஒண்ணு ஏத்திட்டுப் போணும் ஜான்ரோஸு. டயர மாத்தணும்."

"மொதலாளி, நேத்து ஏத்தினதுக்கே வண்டிய மூணு தடவ பினாயில் விட்டுக் கழுவியாச்சு. இனி வண்டியில ஒண்ணு நான் இருப்பேன், இல்லேன்னா அது இருக்கும். நீங்களே சொல்லுங்க."

திங்கட்கிழமை, சந்தைக்குப் போகிற வண்டிகள்கூட வரத்தொடங்காத நேரத்தில், செல்வதாஸ் துணியை விலக்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். தூக்க முடியாது, ஆசான் உத்தரவு. ஓட்ட முடியாது, சக்கரத்தின் உத்தரவு. நல்ல கை ஒன்றுதான் மீதி இருந்தது. அதைக் கைப்பிடியில் வைத்தார். கால்விரல் நுனியில் நடந்து வராண்டா தாண்டி, முற்றத்தில் இறங்கினார்.

தடக்.

அவர் நின்றார். சைக்கிளும் நின்றது. மறுபடி அடியெடுத்து வைத்தார்.

தடக். பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

வாசல் கேட்டை அடையுமுன் பின்னால் கதவு திறக்கும் ஓசை கேட்டது. செல்வதாஸ் திரும்பவில்லை. கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவும் இல்லை. எடுத்தால் சைக்கிள் விழுந்துவிடும். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். உருட்டுவது வேறு, தள்ளுவது வேறு என்கிற தத்துவம் நாக்கு நுனிவரை வந்தது. என்னவோ தெரியவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கிவிட்டார்.

ஜெபகனி அருகே வந்து நின்றார். கைப்பிடியிலிருந்த கையைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கையைப் பார்த்தார். தரையில் உருளுகிற சக்கரத்தைப் பார்த்தார். கண்ணால் கண்டாயிற்று. கருங்கல் போகும் வழியில் முதலில் வருவது ஆக்கர் கடை. அதைத் தாண்டித்தான் சைக்கிள் கடை. செல்வதாஸ் தலையைக் குனிந்துகொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

ஜெபகனி உள்ளே போனார். ஒரு துணிப்பையோடு திரும்பி வந்து, அதைக் கைப்பிடியில் மாட்டினார்.

"டயர் மாத்திட்டு வரும்போ ரண்டு கிலோ மரச்சீனி வாங்கிட்டு வாங்க. நல்லா வேகுகதாப் பாத்து."

செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"தையல் மெஷின உள்ள எடுத்துப் போடப்போறேன். வந்து இத வராண்டாவுல சாத்திருங்க."

"ம்" என்றார் கேப்டன்.

மெல்லக் கேட்டைத் திறந்தார். தெரு நீளத்துக்கும் வாசல்களில் பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். செல்வதாஸ் யாரையும் பார்க்காமல், யாருக்கும் எதுவும் சொல்லாமல், கைப்பிடியில் பை ஆட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தடக், தடக் என்று அது மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனது.